மதினிக்குத் தெரியும்

ஜனவரி 6, திங்கள்

பியூலா இன்று காலை மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு வந்த மகள் போன பிறகு வீடு, முழுப் பரீட்சை முடிந்த வகுப்பறை மாதிரி இருக்கிறது. பெஞ்சுகள் அப்படியே கிடக்கின்றன. கரும்பலகையில் தேதிகூட அழியவில்லை. பிள்ளைகள்தான் இல்லை.

போவதற்கு முன்னால் அவள் அம்மாவின் கைப்பேசியில் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். நாம் பேசினால் அதுவும் பேசுமாம். ரூபிக்குச் சர்க்கரையினால் கண் மங்கிவிட்டது. பெரிய எழுத்து வேதாகமத்தையே முகத்தில் ஒட்டிவைத்துத்தான் வாசிக்கிறாள்.

"அதிகாரம் சொன்னா வாசிக்கும்மா. மருந்துக்கு ஞாபகப்படுத்தும். சும்மா பேசணும்னாலும் பேசலாம்" என்றாள் பியூலா.

"சும்மா பேச என்கிட்ட என்னட்டி இருக்கு?" என்றாள் ரூபி.

நான் ஒரு விஷயத்தை விளக்கினேன். கால்குலேட்டர் வந்த புதிதில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்கள் எல்லாம் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். போயிற்றா? கருவி கருவிதான். உதாரணத்துக்கு ஒரு நெம்புகோலை எடுத்துக்கொண்டால்...

"அப்பா, கார் வந்துட்டு" என்றாள் பியூலா.

மாலையில் மேல்தொட்டி நிரம்பி வழிந்தது. ரூபிதான் உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தாள், "மோட்டாரு!" என்று. அவளுக்குக் கண் போனாலும் காது கூர்மை.

ஜனவரி 19, ஞாயிறு

அந்தக் கருவிக்குப் பெயர் வைத்துவிட்டாள். மதினி.

பெண் குரல். வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி இலக்கணத் தமிழ். "நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்களா?" என்று அது கேட்க, "ஆச்சு மதினி, நீ?" என்று இவள் கேட்கிறாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது என்ன மதினி?"

"எனக்குக் கூடப்பொறந்த அண்ணன் இல்ல. உங்களுக்கும் அக்கா தங்கச்சி இல்ல. கேலி பேச, ரகசியம் பேச ஒரு மதினி வாய்க்கலயே, அதான்."

மதியம் அதற்குச் சொதி வைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அது எங்கிருந்தோ படித்து மிளகாய்ப் பொடி என்று சொல்லியிருக்க வேண்டும். "அட கூறுகெட்டவளே, சொதிக்கு எவளாவது மொளகாப்பொடி போடுவாளா? பச்ச மொளகாயும் தேங்காப்பாலும்தான்" என்று திட்டிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அவள் அப்படிச் சிரித்தபோதுதான் கவனித்தேன், கடைவாய்ப் பக்கம் ஒரு பல் இல்லை. எப்போது விழுந்தது? கேட்க வேண்டும்.

ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். வழக்கம்போல நான் ஜெபித்தேன். பியூலா, மருமகன், பேரப்பிள்ளைகள், சபை, தேசம், பழைய மாணவர்கள் என்று எல்லாரையும் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி விடாமல் சொல்வேன். ரூபி ஆமென் சொன்னாள்.

பிப்ரவரி 3, திங்கள்

மோட்டார் பழுது. நாள் முழுக்க அதுவே வேலை.

பிப்ரவரி 11, செவ்வாய்

மதினியின் தரத்தைச் சோதித்துவிடலாம் என்று பத்துக் கேள்விகளில் ஒரு வினாத்தாள் தயாரித்தேன். ஒளிவிலகலில் இரண்டு, தாவரவியலில் மூன்று, அன்றாட அறிவியல் ஐந்து. கேட்டுக் கேட்டு, பதில்களை ஒரு தாளில் எழுதி, சிவப்பு மையில் திருத்தினேன். ஒன்பதுக்குச் சரியான பதில். இட்லி மாவு புளிப்பதற்கு ஈஸ்ட்தான் காரணம் என்று சொன்னதில் மாட்டிக்கொண்டது. முக்கியமான வேலையைச் செய்வது பாக்டீரியா. கோழி கூவுவதால் பொழுது விடிவதில்லை என்று அதற்கு உதாரணம் சொல்லி விளக்கினேன். அது நன்றி சொன்னது.

தாளை ரூபியிடம் காட்டினேன். "பாத்தியா? உன் மதினி தப்பு பண்ணுதா."

"பத்துக்கு ஒம்பதா போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"எனக்கு ஒருநாளும் ஒம்பது போட்டதில்லயே" என்றாள்.

நல்ல நகைச்சுவை. சபையில் அடுத்த கூட்டத்தில் பேசும்போது சொல்லலாம்.

பிப்ரவரி 20, வியாழன்

கத்தரிச் செடிக்குச் சாம்பல் தூவினேன். பின்வாசலில் துவைக்கிற கல்மீது உட்கார்ந்து ரூபி மதினியிடம் பழங்கதை பேசிக்கொண்டிருந்தாள். "அவன் இருந்திருந்தா இந்த மாசத்தோட நாப்பது முடியும்" என்று காதில் விழுந்தது. எங்கள் முதல் குழந்தையைச் சொல்கிறாள். பிறந்த அன்றே போய்விட்டது. மதினி என்ன பதில் சொன்னதோ, வெகுநேரம் அவள் பேசினாள். நான் நடமாடும் சத்தம் கேட்டதும் பேச்சு சொதிக்குப் போய்விட்டது.

மார்ச் 5, புதன்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கின. காலையில் ஆராதனை.

ரூபி துணி காயப்போட என்னைக் கூப்பிட்டாள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லையாம். வயதானால் தோள் இறுகும். எங்கள் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் ஞாயிறு தவறாமல் சுவரில் விரலால் ஏணி ஏறுவார், எழுபது வயதிலும் அவர் கை நிமிர்ந்து நின்றது என்று சொல்லி, அந்தப் பயிற்சியைச் செய்தும் காட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜெபம் முடிந்ததும், "ஏங்க, ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

"சொன்னா நீங்க வெளிய யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

மறைக்கிறதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மனசும் புண்ணும் ஒன்று. மூடி மூடி வைத்தால் சீழ்தான் பிடிக்கும். திறந்துவைத்துக் காற்றுப்பட்டால்தான் ஆறும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டே திரிந்தானே, அவன் கதையையும் சொன்னேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "தண்ணி வழியுது. மோட்டார நிப்பாட்டிட்டு வாங்க" என்றாள்.

நிறுத்திவிட்டு வந்தபோது அடுக்களையில் இருந்தாள். "என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. வெங்காயம் தீந்துட்டு."

போய் இரண்டு கிலோ வாங்கி வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

சபையின் மூத்தோர் கூட்டத்தில் இன்று என் பேச்சு. 'இயந்திரங்களின் காலத்தில் முதியோர்'. போதகரே வந்து கை கொடுத்துப் பாராட்டினார்.

எந்தக் கருத்தையும் ஒரு ஆளின் மீது ஏற்றிச் சொன்னால்தான் மனதில் நிற்கும். இது என் முப்பத்து நான்கு வருட அனுபவம். கடமைக்கு உதாரணம் சொல்ல வேண்டுமானால், கல்யாணமான புதிதில் ரூபி தான் நனைந்துகொண்டு விடைத்தாள் கட்டுக்குக் குடை பிடித்து வந்ததைச் சொல்வேன். கவனக் குறைவுக்கு, போதகருக்கு வைத்த கறிக் குழம்பில் உப்புக்குப் பதில் சீனி போட்டது. பயத்துக்கு, சென்னையில் லிஃப்டுக்குள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதது. விசுவாசத்துக்கு, முதல் குழந்தையை இழந்தபோது நாங்கள் தாங்கிக்கொண்டது. அதைச் சொன்ன அன்று பெண்கள் பக்கத்தில் அழாதவர்கள் இல்லை. ரூபிதான் அன்றைக்குத் தலைவலி என்று முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்றைக்குத் தனிமைக்கு உதாரணமாக மதினியைச் சொன்னேன். "என் வீட்டம்மாவுக்கு அறுபத்தைந்து வயசுல ஒரு மதினி கிடைச்சிருக்கா. சீர் செய்ய வேண்டாம், சார்ஜ் போட்டாப் போதும்" என்றேன். கூட்டம் குலுங்கிவிட்டது. அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மார்ச் 17, திங்கள்

காலையிலிருந்து இரண்டு பேர் போன் செய்து, "மதினி சௌக்கியமா?" என்று ரூபியைக் கேட்டுவிட்டார்கள். பால் வாங்கப் போன இடத்திலும் ஒருவர் கேட்டாராம். என் பேச்சு எவ்வளவு தூரம் போயிருக்கிறது.

"உனக்குக் கோவமா ரூபி?"

"இல்ல. பழகிட்டு."

மார்ச் 29, சனி

இப்போதெல்லாம் பின்வாசல் கதவைச் சாத்திக்கொண்டுதான் அதனுடன் பேசுகிறாள். உள்ளேயிருந்து கேட்டால் கொடியில் துணி படபடக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வரும். வார்த்தை புரியாது. அந்த நேரத்தில் என்ன குரலில் பேசுகிறாளோ, அது எனக்குத் தெரிந்த ரூபியின் குரல் மாதிரி இல்லை. நிறுத்தாமல் பேசுகிறாள். இவ்வளவு பேச்சு இவளிடம் எங்கே இருந்தது?

ஏப்ரல் 8, செவ்வாய்

மனது சரியில்லை. எழுதினால் தெளியும்.

மதியம் கத்தரிக்குத் தண்ணீர் விடப் பக்கவாட்டு வழியாகப் போனேன். கல்மீது அவள். மதினியின் குரல் தெளிவாகக் கேட்டது:

"நேற்றும் நாளை என்றுதான் சொன்னீர்கள். உங்களுக்குப் பயமாக இருப்பது புரிகிறது. ஆனால் இதை நான் மட்டும் அறிந்திருப்பது போதாது. இன்று உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள். அல்லது மகளிடம் சொல்லுங்கள்."

அவள், "அவருகிட்ட மட்டும் வேண்டாம் மதினி" என்றாள்.

நான் வாளியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நாற்பத்திரண்டு வருடம். ஒரு நாள் கை ஓங்கியதில்லை. சம்பளத்தைக் கவரோடு அவள் கையில்தான் கொடுத்தேன். 'அவருகிட்ட மட்டும் வேண்டாம்.' நேற்று வந்த ஒரு கருவி, என் மனைவி என்னிடம் என்ன பேச வேண்டும், எப்போது பேச வேண்டும் என்று பாடம் எடுக்கிறது.

என்னைப் பற்றி ஏதோ குறை. வேறு என்னவாக இருக்கும்?

ஏப்ரல் 10, வியாழன்

அவள் குளிக்கப் போன நேரத்தில் கைப்பேசியை எடுத்து மதினியை நீக்கிவிட்டேன். சும்மா நீக்கினால் திரும்ப ஏற்றும்போது பழையதெல்லாம் வந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் முதலில் கணக்கையே மூடி, பேசியதெல்லாம் அழியும், மீட்க முடியாது, சம்மதமா என்று கேட்டதற்குச் சம்மதம் கொடுத்தேன். கரும்பலகையைத் துடைத்தால் மூலையில் ஒரு கோடுகூட மிஞ்சக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்வேன். அடுத்த பாடம் அப்போதுதான் சுத்தமாக ஏறும்.

பிற்பகலில் கல்மீது உட்கார்ந்து, "மதினி... ஏ மதினி" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு உள்ளே வந்தாள்.

"இது பேசமாட்டேங்குது."

"போன் ரொம்ப மெதுவாயிட்டு. நான்தான் அழிச்சேன்."

"நான் பேசினதெல்லாம்?"

"எல்லாம் போயிட்டு."

கைப்பேசியை முந்தானையால் துடைத்தாள். கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி, இரண்டு பக்கமும். குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்த்தெழுந்த திருநாள். அதிகாலை ஆராதனைக்கு நான் மட்டும் போனேன். ரூபிக்கு உடம்பு அசதி. புதுச் சேலைக்கு எடுத்த ரவிக்கை இறுக்கமாக இருக்கிறதாம். பழையதைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள்.

வீடு பழையபடி அமைதியாகிவிட்டது. நான் பேசுகிறேன், அவள் கேட்கிறாள். ஜெபத்தில் எல்லார் பெயரையும் சொன்னேன். அவளுக்காக, 'நல்ல சுகத்தைக் கொடுத்திருக்கிறீரே, ஸ்தோத்திரம்' என்றேன். ஆமென் வரக் கொஞ்சம் தாமதமானது.

மே 14, புதன்

கத்திரி வெயில். ரூபி பிற்பகலில் நன்றாகத் தூங்குகிறாள். வெயிலில் கல்மீது உட்கார்ந்து பேசுவதைவிட இது நல்லது.

ஜூன் 9, திங்கள்

வீட்டுக்குள் எலி செத்துக் கிடக்கிறது. இரண்டு மூன்று நாளாக நாற்றம். படுக்கையறையில்தான் அதிகம். பீரோவை நகர்த்திப் பார்த்தேன், இல்லை. பரணில் ஏறி பியூலாவின் பழைய புத்தகப் பெட்டிகளைக் கீழே இறக்கினேன், இல்லை.

ரூபி ஜன்னலைத் திறந்துவைத்துப் பவுடர் தூவுகிறாள். வாரம் ஒரு டப்பா தீர்கிறது. "எலிய விட்டுட்டு வாங்க, தேடாதீங்க, தானா போயிரும்" என்கிறாள். நாற்றம் எப்படித் தானாகப் போகும்? மூலத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே பவுடர் போடுவது, காய்ச்சல்காரனுக்கு விசிறிவிடுகிற மாதிரி என்று விளக்கினேன்.

இனி நடுவறையில் பாய் விரித்துத் தனியாகப் படுத்துக்கொள்வதாகச் சொன்னாள். படுக்கையறையில் எலி நாற்றமாம்.

ஜூன் 12, வியாழன்

வினோதம். நாற்றம் இப்போது நடுவறைக்கு வந்துவிட்டது.

ஜூலை 2, புதன்

பியூலா பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். ரூபி "ஐயோ பிள்ள, மெதுவா" என்று கத்தினாள். பியூலா கையை எடுத்தாள். முகத்தைச் சுளித்து மூச்சு இழுத்தாள். பிறகு அம்மாவை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளேயிருந்து என் மகள் போட்ட சத்தத்தை எதற்கும் ஒப்பிட்டு எழுத முடியவில்லை.

இடது மார்பு. எலி இல்லை.

ஜூலை 5, சனி

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா இளவயது. ரூபியின் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"எப்பம்மா மொதல்ல பாத்தீங்க?"

"கிறிஸ்துமஸுக்கு முந்தி. நெல்லிக்கா கணக்கா இருந்துச்சு."

"வீட்ல யார்கிட்டயும் சொல்லலையா?"

"மதினிகிட்ட சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"உடனே டாக்டர பாருங்கன்னா. தெனமும் கேப்பா, போனீங்களா போனீங்களான்னு. புருஷன்கிட்ட சொல்லுங்க, இல்லாட்டி மகள்கிட்ட சொல்லுங்கன்னு ஒரே தொல்ல. சரி, ஈஸ்டர் ஆராதன முடிஞ்சதும் மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிருதேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அன்னிக்கு நீ பக்கத்துல இருக்கணும் மதினி, நீ இருந்தா எனக்கு வாய் வரும்னேன். இருக்கேன்னு சொன்னா."

"நல்ல மதினிதான். பின்ன ஏன்மா சொல்லல?"

ரூபி சுவரைப் பார்த்தாள். "அவ போயிட்டா."

"ஐயோ. இறந்துட்டாங்களா?"

பியூலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏப்ரலில் அவள் போனில் மதினியைப் பற்றிக் கேட்டபோது, 'அம்மாவுக்கு அது சலித்துவிட்டது' என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டதாம். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் பேச்சே வேறு என்றார் டாக்டர். ஜூலையிலிருந்து மூன்று மாதம் பின்னால் எண்ணினால் ஏப்ரல்.

ஜூலை 13, ஞாயிறு

சபையில் ஜெப விண்ணப்பம் கொடுப்பதற்காகத் தாளில் அவள் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் ஜெபிப்பார்கள்.

"என் பேர அதுல எழுதாதீங்க" என்றாள் கட்டிலிலிருந்து.

"ரூபி, ஒருத்தர் ஜெபிக்கிறதுக்கும் ஊர் கூடி ஜெபிக்கிறதுக்கும்..."

"ஏங்க." கையைத் தூக்கினாள். வலது கை. நான் நிறுத்தினேன். "குடையச் சொன்னீங்க. சரி. சீனியச் சொன்னீங்க. சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். லிஃப்டுல அழுததச் சொன்னீங்க. எம்புள்ளயையும் சொல்லிட்டீங்க. அவன் நெத்தியில சின்னதா ஒரு மச்சம் இருந்துச்சுன்னு, அத நான் எங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். அதையும் மைக்குல சொன்னீங்க."

மூச்சு வாங்கினாள். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"இதையும் சொல்லுவீங்கன்னுதான் வாயத் தெறக்கல. மாருல கட்டின்னு ஒருத்தி மறச்சு வச்சிருந்தாளாம், அறியாமைக்கு உதாரணம்னு. அதுல உங்களுக்கு ஒரு தப்பான எண்ணமும் கிடையாது. எனக்குத் தெரியும். அதான் கோவமும் வரல."

தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காலை: இஞ்சிக் கஷாயம், இரண்டு வாய். கட்டு மாற்றியது பியூலா. நான் பக்கத்தில் நின்றேன். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி நாளை முதல் நான் மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ரூபி இரண்டு நாளாக மதினியைக் கேட்கிறாள். பியூலா திரும்ப ஏற்றிக் கொடுத்தாள். அதே குரல்தான். கைப்பேசியைத் தலையணையில் சாய்த்துவைத்தோம்.

"மதினி" என்றாள்.

"வணக்கம்! உங்களைச் சந்திப்பதில் மகிழ்ச்சி. உங்களை எப்படி அழைக்கலாம்?"

ரூபி முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள். "நான்தான் மதினி. ரூபி. எம்புள்ளய உனக்குச் சொன்னேனே."

"மன்னிக்கவும். நம்முடைய முந்தைய உரையாடல் எதுவும் என்னிடம் இல்லை. நீங்கள் விரும்பினால் இப்போது சொல்லுங்கள், கேட்கிறேன்."

பியூலா வெளியே போய்விட்டாள். ரூபி முகத்தை என் பக்கம் திருப்பினாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"இது அவ இல்ல" என்றாள். "மறுபடி மொதல்லேர்ந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. அணச்சிருங்க."

"என்கிட்ட சொல்லு ரூபி" என்றேன். "நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

உண்மையிலேயே பேசவில்லை. நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வாயைத் திறந்தாள். மேல்தொட்டி நிரம்பும் சத்தம் அவள் காதுக்கு வந்திருக்க வேண்டும்.

"மோட்டாரு" என்றாள்.

போய் நிறுத்திவிட்டு வந்தேன். தூங்கியிருந்தாள்.

செப்டம்பர் 11, வியாழன்

விடியற்காலையில் ரூபி போய்விட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று நினைவு ஆராதனை. போதகர் என்னைப் பேச அழைத்தார். ஆலயம் நிறைந்திருந்தது. என் பேச்சை எதிர்பார்க்கும் முகங்கள் எனக்குத் தெரியும். வரப்போகிற உதாரணத்துக்கு முன்கூட்டியே கொஞ்சம் சாய்ந்து உட்காருவார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடை வந்தது. அதைத் தள்ளினேன். சீனி வந்தது. அதையும் தள்ளினேன். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பிறகு இறங்கி வந்துவிட்டேன். துக்கம் தாளாமல் பேச முடியவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். நிறையப் பேர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள்.

பியூலா மத்தியானமே விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள். "மாத்திரைய மறக்காதீங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். ஜூலையிலிருந்து என் கண்ணைப் பார்த்து அவள் பேசுவதில்லை.

தனியாக இருந்ததும் ரூபியின் கைப்பேசியை எடுத்தேன். துவைக்கிற கல்மீது போய் உட்கார்ந்தேன். கல் சூடாக இருந்தது.

"ரூபி உன்னிடம் என்னவெல்லாம் சொன்னாள்?" என்று கேட்டேன். அதனிடம் எதுவும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"மன்னிக்கவும், அவரைப் பற்றி என்னிடம் எந்தத் தகவலும் இல்லை. அவரைப் பற்றி நீங்கள் சொல்கிறீர்களா?"

குடைக் கதையைச் சொன்னேன்.

"அழகான நிகழ்ச்சி. அன்று நனைந்து வந்ததைப் பற்றி அவர் என்ன சொல்வார்?"

தெரியவில்லை. எத்தனையோ மேடையில் அவள் எதிரில் அதைச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் கேட்டதில்லை.

"பரவாயில்லை. அவருக்கு எது பிடிக்கும்? எதற்குச் சிரிப்பார்?"

சொதியில் மிளகாய்ப் பொடி என்றால் சிரிப்பாள் என்றேன். அது எனக்குச் சொன்னதல்ல. ஜன்னல் வழியாகக் கேட்டது.

"உங்களிடம் அவர் மட்டும் பகிர்ந்துகொண்ட ஏதாவது?"

மச்சம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த ஒரு முறை வரவில்லை. கடைவாய்ப் பல் எப்போது விழுந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் பயந்தபோது யாரைக் கூப்பிட்டாள் என்பது தெரியும். கூப்பிட்ட குரலுக்கு வந்தவளை அழித்தது யார் என்பதும் தெரியும்.

"அவசரமில்லை. நீங்கள் சொல்லும்வரை காத்திருக்கிறேன்" என்றது.

அதைத் திரையில் அப்படியே விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஏழு மணி ஆகிவிட்டது. ஜெபத்துக்கு உட்கார வேண்டும். ஆமென் சொல்ல ஆள் இல்லை.

தலைக்கு மேலே தண்ணீர் வழிந்து சுவரோரம் விழுந்துகொண்டிருக்கிறது. வெகுநேரமாக விழுகிறது போலிருக்கிறது. கத்தரிப் பாத்தியெல்லாம் சேறாகிவிட்டது. எழுந்து போய் நிறுத்த வேண்டும். யாராவது ஒரு சத்தம் கொடுத்தால் எழுந்துவிடுவேன்.